கிளிக்குப் போன காந்தம்

ஸ்பீக்கர் மாமா படியேறி வரும் சத்தம் கேட்டாலே அந்த வீட்டில் குண்டூசி டப்பாவை எடுத்து ஒளித்து வைப்பார்கள். ஒருமுறை அவர் தையல் மேசைப் பக்கம் சும்மா குனிந்தார். டப்பாவில் இருந்த ஊசிகளில் பாதி தாவி வந்து அவர் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டன. பையில் ஒரு காந்தம் இருந்தது. அவருடைய எல்லாப் பைகளிலும் ஏதாவது ஒரு காந்தம் இருக்கும்.

அன்று அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார்.

"எங்கே நம்ம பொத்தான்? கூப்பிடு, கூப்பிடு! இன்னைக்கே கட்டிடலாம்!"

"மூச்சு வாங்கிட்டுப் பேசு அண்ணா" என்றாள் அவர் தங்கை. தையல் மெஷினை நிறுத்தவில்லை. ஒரு கையால் மட்டும் குண்டூசி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் கையில் நீலத் துணிப் பட்டை ஒன்று இருந்தது. அதில் வரிசையாக ஆறு சிறிய பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு வட்டக் காந்தம். ராத்திரி உட்கார்ந்து அவரே தைத்தது என்பதைப் பார்த்தாலே சொல்லலாம். தையல் குடிகாரன் நடந்த தடம் மாதிரிப் போயிருந்தது.

அந்த வீட்டு நாய் பொத்தான் மெஷினுக்கு அடியில், தங்கையின் காலருகே படுத்திருந்தது. பழுப்பு நிறம், மடிந்த காது, வயதானவர்களுக்கு வரும் நரைத்த தாடி. மாமாதான் அதைக் குட்டியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார். இப்போது அது முன் இடது காலைத் தரையில் ஊன்றுவதே இல்லை.

கால்நடை மருத்துவர் பார்த்திருந்தார். முட்டியைப் படம் எடுத்து, வயதானதால் தேய்மானம் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்திருந்தார். பாதத்தைத் தொடப் போனபோது பொத்தான் அவரையே கவ்வப் பார்த்தது. "மாத்திரை முடிஞ்சும் நொண்டினா கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. மயக்க மருந்து கொடுத்துட்டு முழுக் காலையும் பாக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. தங்கையின் பேத்தி, இப்போதுதான் நடக்கப் பழகுகிறவள், தத்தித் தத்திப் போய் அந்தக் காலையே பிடித்துவிட்டாள். பொத்தான் திரும்பிக் கவ்வியது. பல் சட்டைக் கையோடு நின்றது. ஆனால் குழந்தையின் அப்பா அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

மாப்பிள்ளை கத்துகிற மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். நிதானமாகச் சொன்னார்: "அத்தே, எனக்கும் அவன்மேல பாசம்தான். ஆனா குழந்தை விஷயத்துல சூதாட முடியாது. கால் சரியாகி அவன் பழையபடி ஆகிட்டா இருக்கட்டும். இல்லேன்னா வர்ற ஞாயித்துக்கிழமை என் சிநேகிதன் வேன் கொண்டுவருவான். ஊருக்கு வெளியே நாய்களுக்குன்னு இடம் வெச்சிருக்கான். நல்லா பாத்துக்குவான்."

தங்கை சரி என்றாள். அந்த வீட்டில் அவளும் மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து இருந்தார்கள். பகலில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு, குழந்தையும் தூங்கிய பிறகு, அவளுக்குத் துணை மெஷின் சத்தமும் காலடியில் இருக்கும் அந்த வெதுவெதுப்பும்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மெஷினை மெதுவாக மிதிக்கத் தொடங்கியிருந்தாள், அவ்வளவுதான். மாமாவுக்கு அது கேட்டது. சத்தத்திலேயே பிழைப்பு நடத்துகிறவர் அவர்.

அதனால்தான் இந்தப் பட்டை.

"இது வெறும் காந்தம் இல்லம்மா. ரத்த ஓட்டம்! இதைக் கட்டினா ரத்தம் அங்கேயே ஓடி வரும். என் மணிக்கட்டு வலி போச்சா இல்லையா? எதிர்வீட்டுப் பூனை மதில் ஏறுதா இல்லையா?"

"அந்தப் பூனை எப்பவும் ஏறிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"இப்ப வேகமா ஏறுது! சரி, பக்கத்துத் தெரு வீட்டுக் கிளி? இறகைப் பிடுங்கிப் பிடுங்கி மொட்டையா உக்காந்திருந்துச்சே. கூண்டுக்கு அடியில ஒரு காந்தம் வெச்சேன். இப்ப பாரு!"

"என்ன, முளைச்சிடுச்சா?"

"முளைக்கும்."

தங்கை சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. மாமாவுக்கு அதுவே பாதி வெற்றி மாதிரி இருந்தது.

பட்டையை முட்டியில் கட்டினார்கள். பொத்தான் அதை ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு, கட்டினது யாருக்கோ என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டது.

மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் பொத்தான் காலை ஊன்றியது.

மெதுவாகத்தான். நுனியை மட்டும் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தது. தங்கை ஃபோன் போட்டாள். மாமா ஸ்பீக்கர் ரிப்பேர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். வாசலில் இருந்து சமையலறை வரை பொத்தான் நான்கு காலில் நடந்ததைப் பார்த்தபோது அவருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா! பாத்தியா! நான் என்ன சொன்னேன்?"

"மாத்திரையும் சாப்பிடுறானே மாமா" என்றாள் தங்கை மகள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கப் போகுது."

"நீ விழுந்த பழத்தைப் பாரு. காக்காயை எதுக்கு விசாரிக்கிறே?"

"மாத்திரை நாளையோட முடியுது. டாக்டர் மறுபடி வரச் சொன்னாங்க."

"நொண்டினாத்தானே வரச் சொன்னாங்க? இவன் எங்க நொண்டுறான்? நடக்குற நாயைத் தூக்கிட்டுப் போய் மயக்க மருந்து கொடுக்கணுமா? வயசான உடம்பு, தாங்குமா? நான் இருக்கேன், விடு!"

அவர் குரலில் இருந்த துள்ளல் எல்லோரையும் தொற்றிக்கொண்டது. மாப்பிள்ளைகூட பொத்தானுக்கு ஒரு பிஸ்கட் போட்டார். மருத்துவரிடம் யாரும் போகவில்லை.

மாத்திரை முடிந்தது. இரண்டு நாளில் கால் மறுபடி மேலே போனது. முன்னைவிட மோசம். பொத்தான் பாதத்தையே நக்கிக்கொண்டு கிடந்தது. கிட்டே போனால் தொண்டைக்குள் உறுமியது.

மாமா அசரவில்லை. "மருந்து போதல. அளவைக் கூட்டணும்" என்றார். "அதோட, இடமும் தப்பு. அவன் எங்க நக்குறானோ அங்கதான் வைக்கணும்." மேடைக் கச்சேரிகளுக்கு வைக்கிற பெரிய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்று அவரிடம் இருந்தது. சனிக்கிழமை மதியம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வேன் வர ஒரே ஒரு இரவுதான் பாக்கி.

தங்கை பொத்தானின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமா முழங்கால் போட்டு உட்கார்ந்து காந்தத்தைப் பாதத்தை நோக்கிக் கொண்டுபோனார்.

பொத்தான் அலறியது.

அப்படி ஒரு அலறலை அந்த வீடு கேட்டதில்லை. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, மேசைக் காலில் மோதி, துணிக் குவியலுக்குள் போய் ஒடுங்கியது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. மாப்பிள்ளை ஓடிவந்தார். பார்த்தார். ஃபோனை எடுத்தார்.

"நாளைக்கு வேண்டாம்டா. முடிஞ்சா இன்னைக்கு சாயங்காலமே வந்துடு" என்றார் ஃபோனில்.

"இல்ல மாப்பிள்ளை, அது குணமாகுற வலி, முதல்ல அப்படித்தான்..." மாமா சொல்லிப் பார்த்தார். அவருக்கே அது நம்பும்படியாக இல்லை.

தங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அண்ணா, நீ கிளம்பு" என்றாள்.

மாமா கீழே வந்து தன் வண்டியில் உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. மடியில் அந்தக் காந்தம் கனத்தது. நல்லது செய்யப் போய்க் கடைசி ஒரு நாளையும் கெடுத்தாயிற்று. அலறல் காதிலேயே நின்றது. வேறு வேலை தெரியாததால், அவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு கரகரக்கிற ஸ்பீக்கரைக் கேட்பதைப்போல.

அவர் தொழிலில் கரகரப்புதான் பாதி. ஸ்பீக்கருக்குள் ‘காயில்’ என்கிற கம்பிச்சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே தலைமுடி நுழையும் அளவுதான் இடம். அதற்குள் ஒரு பொடி இரும்புத் துகள் போய்விட்டால் போதும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சுருள் அசைந்து ஓர் இடத்துக்கு வரும்போதெல்லாம் சரியாக அதே இடத்தில் கீறும்.

எந்த இடத்தில் கீறியது?

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். காந்தம் பாதத்தில் படவில்லை. விரலகலம் தள்ளித்தான் இருந்தது. தொடுவதற்கு முன்னாலேயே அலறிவிட்டது. தொடாமல் எப்படி வலிக்கும்? முட்டியில் ஆறு காந்தம் கட்டினோம், முனகக்கூட இல்லையே?

தொடாமல் காந்தம் எதை இழுக்கும்?

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. கதவைச் சாத்தக்கூட இல்லை. இரண்டிரண்டு படியாக, மூன்று படியாக...

"இரும்பு!" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார். "அவன் காலுக்குள்ள இரும்பு இருக்கு!"

"மாமா, போதும்" என்றார் மாப்பிள்ளை.

"நான் தொடவே இல்ல மாப்பிள்ளை! நீங்க வேணா உங்க அத்தையைக் கேளுங்க. தொட்டேனா நான்?"

தங்கை யோசித்தாள். "இல்ல" என்றாள் மெதுவாக. "தொடல."

மாமா காந்தத்தைத் தூக்கினார். "இப்பவே காட்டுறேன், இன்னொரு தடவை வெச்சா..."

"வைக்காதீங்க!" தங்கை மகள் குறுக்கே வந்து நின்றாள். "உள்ள ஏதாவது இருந்தா இன்னும் ஆழமா போயிடும். உங்களுக்கு அவசரம் வந்தா மூளை வீட்டுக்குப் போயிடுது மாமா." ஆனால் அவள் கண்ணும் பளபளத்தது. "வலிக்காம பாக்க வழி இருக்கு. அம்மா, மெல்லிசா ஓர் ஊசி கொடு. பட்டு நூல் ஒண்ணும்."

அந்த வீட்டில் அதற்குப் பஞ்சமா?

அவள் ஊசியை மாமாவின் காந்தத்தில் ஒரே பக்கமாகச் சில தடவை தேய்த்தாள். நடுவில் நூலைக் கட்டித் தொங்கவிட்டாள். "ஏழாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் காட்டுவேன். இப்ப இதுவும் ஒரு காந்தம். உள்ள இரும்பு இருந்தா, உங்க பெரிய காந்தம் கிட்ட போனதுல அதுவும் காந்தம் ஆகியிருக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு விசாரிச்சுக்கும். நீங்க முதல்ல அந்தப் பெரிசைக் கீழே வண்டியில வெச்சிட்டு வாங்க."

மாமா ஓடி இறங்கி ஓடி ஏறினார். மெஷினும் இரும்பு என்பதால் எல்லோரும் நடைக்கு இடம் மாறினார்கள். தங்கை பொத்தானின் முட்டியில் இருந்த பட்டையைக் கழற்றி மெஷின் பக்கமே போட்டுவிட்டு, அதை அணைத்துத் தூக்கிவந்து மடியில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். நம்பிக்கை இல்லாத முகம்தான். ஆனாலும் போகவில்லை.

ஊசி சுற்றியது. ஆடியது. நிற்காமல் ஒரு பக்கமே திரும்பியது.

"எதுக்கு என்னையே காட்டுது?" என்றார் மாமா.

"மாமா! சட்டைப் பை!"

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு மேல் பையில் இருந்து ஒன்று, கால்சட்டைப் பையில் இருந்து இரண்டு எடுத்து ஓடிப்போய் மாடிப்படியில் வைத்தார். மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இப்போது ஊசி அமைதியானது. வடக்கே இருந்த ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது.

தங்கை மகள் நூலைப் பிடித்தபடி மெல்ல நகர்ந்தாள். முதலில் வலது பாதம். மேலே கொண்டுபோய்ப் பிடித்தாள். ஊசி ஜன்னலையே பார்த்தது. பிறகு இடது பாதம். முட்டிக்கு மேலே ஒன்றும் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. விரல்கள் பக்கம் வந்ததும், பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஊசி திரும்பியது.

"கை ஆடியிருக்கும்" என்றார் மாப்பிள்ளை. அவர் குரல்தான் ஆடியது. "மறுபடி."

மறுபடி காட்டினாள். திரும்பியது.

"குடு, நான் பிடிக்கிறேன்." குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு நூலை வாங்கினார். முழங்காலில் உட்கார்ந்தார். வலது பாதம், ஒன்றும் இல்லை. இடது பாதம். ஊசி திரும்பி, நடுங்கி, இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் நடுவைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அடேயப்பா!" என்றார் மாப்பிள்ளை. இந்த வீட்டில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

மாமா குதித்தார். உண்மையிலேயே குதித்தார். கீழ்வீட்டுக்காரர் குச்சியால் கூரையைத் தட்டும் அளவுக்கு.

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. பொத்தானின் காதைப் பிடித்தபடி, "ஊசி முனை" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"போன மாசம் அந்தக் கேன்வாஸ் பை தைச்சேன்ல. தடிமன் தாங்காம மெஷின் ஊசி உடைஞ்சுது. மேல் பாதி மெஷின்லயே இருந்துச்சு. முனையைக் காணல." அவள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஊசி உடைந்தால் இரண்டு துண்டும் கிடைத்த பிறகுதான் அடுத்த தையல். அதற்காகவே ஒரு குச்சியின் நுனியில் தட்டைக் காந்தம் ஒன்றைத் திருகி வைத்திருப்பாள். தரையெல்லாம் ஓட்டினால் விழுந்தது வந்து ஒட்டிக்கொள்ளும். "தேடினேன். குச்சி இருந்துச்சு, நுனியில காந்தம் இல்ல. பெருக்கித் தள்ளினேன். குப்பையோட போயிருக்கும்னு நினைச்சுட்டேன்."

"காந்தம் எங்க போச்சு?" என்றார் மாப்பிள்ளை.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அதிகம் கோபம் இல்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை.

மாமாவின் கால் தரையில் இறங்கியது. "ரெண்டு நாள்ல தந்துடறேன்னுதான் எடுத்துட்டுப் போனேன்..."

"யாருக்கு மாமா?" என்றாள் தங்கை மகள்.

"கிளிக்கு."

பிறகு மாப்பிள்ளை குனிந்து, போன வாரம் தன் குழந்தையைக் கடிக்கப் பார்த்த அந்த நாயை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தார். பொத்தான் உறுமியது. "உறுமிக்கோடா, உறுமிக்கோ" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். "மாமா, வண்டியை எடுங்க!"

மருத்துவர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். மாமா ஓடிப்போய்ச் சாவியைப் பிடிக்காத குறை. ஊசி, நூல், ஜன்னல், கிளி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். மருத்துவருக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

மயக்க மருந்து கொடுத்துப் பாதத்தைப் படம் எடுத்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன விரலெலும்புகள். அவற்றின் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு கோடு. நகத்துணுக்கு அளவுதான். ஒரு பக்கம் உடைந்து, ஒரு பக்கம் கூர்.

"இதோ இருக்கார்" என்றார் மருத்துவர்.

எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. வெளியே காத்திருந்தவர்களுக்குத்தான் அது நீண்டது. கிண்ணத்தில் டிங் என்று விழுந்த சத்தம் கதவு தாண்டி மாமாவுக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். அவருக்குக் கேட்டது.

"டாக்டர் அம்மா" என்றார் மாமா, அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும். அடக்க முடியவில்லை. "அப்போ காந்த வைத்தியம்..."

"வைத்தியம் ஒண்ணும் இல்லைங்க" என்றார் மருத்துவர். "அவன் நடந்தது வலி மாத்திரையில. காந்தத்தால வலி போகும்ங்கறதுக்கு நம்பறாப்பல எனக்கு எதுவும் தெரியாது. இந்தத் தடவை காந்தம் திருடனைக் காட்டிக்கொடுத்திருக்கு, அதுக்கு நன்றி. ஆனா அதே காந்தம் ஊசியை எலும்புக்குள்ள தள்ளியிருந்தா?" நிறுத்தினார். "அன்னைக்கே பாதத்தையும் சேர்த்துப் படம் எடுத்திருக்கலாம். அவன் விடல, சரி, அடுத்த தடவைன்னு விட்டேன். நீங்க அடுத்த தடவையே வரல."

"நான்தான் வேண்டாம்னேன்" என்றார் மாமா.

"இனிமே யார் வேண்டாம்னாலும் வாங்க" என்றார் மருத்துவர், தங்கையைப் பார்த்து.

வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர் கதவைத் திறந்துவைத்து, உள்ளே ஒரு பழைய போர்வையும் விரித்து வைத்திருந்தார். மாமாவின் வண்டியில் இருந்து முதலில் இறங்கியது தங்கை. அவள் கையில் இருந்த பொத்தானுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. நாக்கு ஓரமாகத் தொங்கியது. அவள் வேனைப் பார்த்தாள். நகரவில்லை.

மாப்பிள்ளை வேகமாக இறங்கிப் போனார். "டேய், மன்னிச்சுக்கோ, அலைய வெச்சுட்டேன். ஆள் இங்கேயே இருக்கப் போறான். காலுக்குள்ள ஊசிடா! ஊசி! என் கையாலதான்டா கண்டுபிடிச்சேன், நூல்ல கட்டி..." சிநேகிதரை மேலே டீக்கு இழுத்துக்கொண்டு போனார். முழுக் கதையும் சொல்லாமல் விடுவதாக இல்லை.

"என் கையாலயாம்" என்றாள் தங்கை மகள் மாமாவிடம், கண்ணைச் சிமிட்டி.

மாமா மேலே போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராகக் கிளி வீட்டுக்குப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது டீ முடிந்து வேன் போயிருந்தது. பொத்தான் கட்டுப் போட்ட காலோடு மெஷினுக்கு அடியில், தன் இடத்தில் படுத்திருந்தது. குழந்தையை அந்தப் பக்கம் விடாமல் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

"கிளி வீட்டுல என்ன சொன்னாங்க?" என்றாள் தங்கை.

"இப்பதான் ரெண்டு இறகு முளைக்குது, எடுக்காதேன்னாங்க."

"முளைச்சிடுச்சா!"

"கூண்டை ஜன்னல் பக்கம் மாத்தி வெச்சாங்களாம். வேடிக்கை பாக்க ஆரம்பிச்சதும் பிடுங்கறதை விட்டுடுச்சாம்." மாமா அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார். பிறகு குச்சியை எடுத்து, தட்டைக் காந்தத்தை அதன் நுனியில் வைத்து, இறுகத் திருகினார்.

முழங்காலில் உட்கார்ந்து தரையில் ஓட்டத் தொடங்கினார். மேசைக்கு அடியில், சுவரோரம், துணிக் குவியலைத் தள்ளிவிட்டு அதன் பின்னால். டிக். டிக். டிக். குண்டூசிகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டின. ஒரு கொக்கி. நூல் சுற்றும் பாபின் ஒன்று. காணாமல் போன ஒரு சாவி.

"இங்க பாரேன்!" என்று கத்தினார். முகம் பழையபடி மலர்ந்திருந்தது. "எவ்வளவு இருக்கு பாரு! இங்க பாரேன்!"

"மெதுவா அண்ணா" என்றாள் தங்கை. "அவன் தூங்குறான்."

அவள் ஊசியில் நூலைக் கோத்து, மெஷினை மிதித்தாள். வேகமாக.